பதில் வரும்வரை நின்ற சேர்வர்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியே போகிறவர் போன இடத்தைச் சேர்ந்ததும் ஒரு மிஸ்கோல் அடிக்க வேண்டும். மற்றவர் அதை எடுக்கக் கூடாது. மணி நின்றதும் திருப்பி ஒரு மிஸ்கோல் அடிக்க வேண்டும். முதல் மணி 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்பதற்கு. இரண்டாவது மணி 'கிடைத்தது' என்பதற்கு. அந்த இரண்டாவது மணி கேட்கும்வரை போனவர் அங்கே எதிலும் கை வைக்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான்தான். இப்போது எல்லாருடைய போனிலும் கதைப்பதற்குப் பெரிதாகக் காசு போவதில்லை. ஆனாலும் சட்டம் மாறவில்லை.

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பார்ப்பவர். எண்ணெய்க் கையோடு போனைத் தொட ஏலாது என்பதால், போய் இறங்கியதுமே மிஸ்கோல் அடித்துவிட்டு, என் பதில் வந்த பிறகுதான் வேலை உடுப்பைப் போடுவார். கூட வேலை செய்கிறவர்கள், "என்ன, மனிசி உத்தரவு தந்திட்டாவோ?" என்று பகிடி பண்ணுவார்களாம். பண்ணட்டும். அவர்களுடைய வீட்டுக் கதையை நான் கேட்கப் போகிறேனா?

இந்தச் சட்டம் வந்த கதை பெரியது இல்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று இவர் ஒரு சிநேகிதரின் படகு எஞ்சினைத் திருத்தவென்று சல்லி என்கிற கரையோரக் கிராமத்துக்குப் போயிருந்தார். நான் கைக்குழந்தையோடு பட்டணத்தில். அன்று பின்னேரம்வரை நாங்கள் போய்விட்டோம் என்று அவரும், அவர் போய்விட்டார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய்கிற நேரம் சேறு அப்பிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலையடிக்கு வந்தார். "எங்க போய்த் துலைஞ்சனீங்கள்?" என்று கத்தினேன். "நீர் எங்க போனனீர்?" என்று அவரும் கத்தினார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கைக்குழந்தை இப்போது என்னைவிட உயரம். எங்கள் ஒரே மகள்.

நான் ஒரு கணினி நிலையத்தில் நெற்வேர்க் பார்க்கிறேன். கடற்கரைக்குப் போகிற தெருவில் பழைய இரண்டு மாடிக் கட்டடம். எங்கள் ஊர்த் தெருவில் திரிகிற மானும் மாடும் ஒன்றாக வந்து படலையில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், யாராவது சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்க மாட்டார்களா என்று. சல்லியிலிருந்தும் கட்டைபறிச்சானிலிருந்தும் பிள்ளைகள் படிக்க வருவார்கள். தலைமை அலுவலகம் கொழும்பில்.

எங்கள் நிலையத்துக் கணினிகள் எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போவதற்கு ஒரே ஒரு படலைதான் வைத்திருக்கிறோம். அந்தப் படலையில் நிற்கிற மெஷினுக்குப் பெயர் புரொக்ஸி சேர்வர். பிள்ளைகள் கேட்பதை அது வெளியே போய் வாங்கிவந்து கொடுக்கும். யார் கேட்டது, எங்கே போனது, என்ன கொண்டுவந்தது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதும். அந்த வரிகளைத்தான் லொக் என்கிறோம். ஒரு பக்கத்தைத் திறப்பது ஒரு பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். படத்துக்கு ஒரு பயணம், பொத்தானுக்கு ஒரு பயணம், எழுத்தின் வடிவத்துக்குக்கூட ஒரு பயணம். கண் மூடித் திறப்பதற்குள் அந்த மெஷின் எத்தனையோ தடவை வெளியே ஓடிப்போய் வரும், அத்தனைக்கும் வரி எழுதும்.

முன்பெல்லாம் அந்த வரிகளை அது தன் டிஸ்க்கிலேயே எழுதியது. ஒரு மாரி காலத்தில் உப்புக்காற்றுப் பட்டு டிஸ்க் செத்துப்போனது, லொக்கும் அதோடு போனது. கொழும்பில் சத்தம் போட்டார்கள். இனி எல்லாக் கிளைகளும் லொக்கை உடனுக்குடன் கொழும்பில் உள்ள ஒரு மெஷினுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நியாயமான கதைதான். அனுப்புவதற்கு இரண்டு வழி இருந்தது. வரியை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது ஒன்று. அனுப்பி, 'கிடைத்தது' என்று கொழும்பு பதில் சொல்லும்வரை நின்று, பிறகு அடுத்த வேலையைப் பார்ப்பது மற்றது.

நான் எதைத் தெரிவு செய்வேன் என்று கேட்கவும் வேண்டுமா? அவ்வளவு தூரத்துக்கு ஒன்றை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பாராமல் தன் பாட்டுக்கு இருக்கிறதாம். அப்படியும் ஒரு வழியை ஒரு மனிசன் இருந்து யோசித்து வைத்திருக்கிறானே என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவதைத் தெரிவு செய்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன்.

முதலில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் இழுபடத் தொடங்கியது. பிள்ளைகள் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அது வருவதற்குள் வெளியே போய் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துவிட்டு வந்தார்கள். எங்கள் ஊரில் எது பழுதானாலும் முதல் குற்றவாளி உப்புத்தான். நானும் உப்பைத்தான் பிடித்தேன். வயர்களின் தலையை எல்லாம் வெட்டிப் புதிதாகப் போட்டேன். லைன் தருகிற கொம்பனியோடு சண்டை பிடித்தேன். பிறகு புரொக்ஸிக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு விசர் பிடித்தது. மெஷின் சும்மா இருந்தது. மூளையில் பாரம் இல்லை, நினைவகத்தில் இடம் கிடந்தது, லைனில் பாதிகூட ஓடவில்லை. வேலை கூடித் திணறுகிற மெஷினை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வேலையும் செய்யாமல் இருந்துகொண்டே எல்லாரையும் காக்க வைக்கிற மெஷினை அன்றுதான் பார்த்தேன்.

கொழும்பில் லொக் பார்க்கிற பையனுக்குப் போன் எடுத்தேன். நான் தம்பி என்பேன், அவன் அக்கா என்பான். முகம் பார்த்ததில்லை.

"இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா. உங்கட லொக் ஒரு வரி தவறாம வருது. இருக்கிற கிளையளுக்குள்ள உங்கடதுதான் திறம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. உப்பை மறுபடி ஏசிக்கொண்டு அன்றைய வேலையை முடித்தேன்.

இதற்கிடையில் மகள் இரத்தப் பரிசோதனை செய்கிற படிப்பை முடித்திருந்தாள். ஒரு தனியார் ஆய்வுகூடம் புல்மோட்டையில் புதுக் கிளை திறக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று அவளாகவே விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து சொன்னாள். கிடைத்தால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும்.

"புல்மோட்டை என்ன சீமையோ அம்மா? பஸ்ஸில ஏறினா வந்திடலாம்."

"நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லையே."

"நீங்க ஒண்டும் சொல்லாட்டித்தான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு விருப்பமில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளை வளர வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் விளங்கும். ஆனால் பின்னேரம் படலை திறக்கிற சத்தம் கேட்காத ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்கு ஏலாமல் இருந்தது. பயம்தான். வேறு பெயர் சொல்லி என்ன?

ஆய்வுகூடத்துக்காரர் பரீட்சையை இன்டர்நெட்டில் வைத்தார்கள். அதற்கு வாடகைக்கு எடுத்த இடம் வேறு எதுவும் இல்லை, எங்கள் நிலையம்தான். இருக்கிற நல்ல கணினி அறை அது ஒன்றுதானே. இரண்டு பகுதி, நடுவில் ஒரு இடைவேளை. நேரம் முடிந்தால் பக்கம் தானாக மூடிவிடும், கூட்டித் தர மாட்டார்கள்.

அன்று காலை நானும் மகளும் ஒன்றாகத்தான் போனோம். பரீட்சை எழுதுகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சேர்வர் அறையில் நான். பரீட்சை தொடங்கிய கையோடு எல்லாத் திரையிலும் சக்கரம் சுற்றத் தொடங்கியது. ஒரு கேள்விக்கு விடை கொடுத்தால் அடுத்த கேள்வி வருவதற்குள் ஒரு தேத்தண்ணி ஊற்றலாம். நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கி எடுத்த படம் வைத்த கேள்விகள் வேறு. படம் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக வந்தது. மகளுக்குக் கோபம் வந்தால் கொண்டையை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். அன்று கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள். நான் அறைக்குள் நின்று மெஷினைப் பார்த்தேன். அது வழக்கம்போல சும்மா இருந்தது. கோதாரி விழுந்த மெஷினே, இன்றைக்கு ஒரு நாளைக்காவது வேலை செய்யேன் என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

முதல் பகுதி முடிந்தது. ஒருவராலும் முழுதாக எழுத முடியவில்லை. மகள் நேரே என்னிடம் வந்து கதவைச் சாத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, உண்மையச் சொல்லுங்கோ. நீங்க ஏதும் செய்தனீங்களோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன செய்யிறது?"

"நான் போறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டு தெரியும். அதுக்காக இப்பிடியோ?"

ஐயோ, அந்த ஒரு சொல். என் பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டாள். கன்னத்தில் ஒன்று போடலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று தெரியாமல் நின்றேன். "உனக்கென்ன விசரோ?" என்றுதான் கத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் வராந்தாக் கதிரையில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். இவர். வீட்டிலிருந்து போன அதே சேர்ட்டு, கையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. மானை விலக்கிவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"இஞ்சேரும், உமக்கு ஒண்டுமில்லையே? பிள்ளை எங்க?"

"எங்களுக்கு என்ன? நீங்க வேலை நேரத்தில இஞ்ச என்ன செய்யிறீங்கள்?"

"நீர் திருப்பி அடிக்கேல்ல."

அப்போதுதான் மேசையில் கிடந்த போனைப் பார்த்தேன். அவருடைய மிஸ்கோல் வரிசையாகக் கிடந்தது. பரீட்சைப் பதற்றத்தில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. ஏற்கெனவே வெந்துபோய் நின்றவளுக்கு இது போதாதா?

"அதுக்காக வேலைய விட்டுட்டு வாறதோ? கை கால் நல்லாத்தானே இருக்கு? எஞ்சினைக் கழட்டுறதுக்கும் நான் மிஸ்கோல் அடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீர்தானே சொன்னனீர், பதில் வராம ஒண்டிலயும் கை வைக்கக் கூடாதெண்டு." அவர் குரலில் கோபமே இல்லை. "படகு நிக்குது. படகுக்காரர் நிக்கினம். சாமானெல்லாம் எடுத்து வைச்சிட்டு நானும் நிக்கிறன். என்ன செய்யச் சொல்லுறீர்?"

நான் அவரைப் பார்த்தேன். பிறகு திரும்பி மெஷினைப் பார்த்தேன். உடம்பில் ஒரு பழுதும் இல்லாமல், செய்ய வேண்டிய வேலையும் முன்னால் கிடக்க, தூரத்தில் ஒருத்தி பதில் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் சும்மா நிற்கிற மனிசன். அட கடவுளே! நான் அவரை விலக்கிவிட்டுப் போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

புரொக்ஸிக்குக் கைகள் கொஞ்சம்தான். ஒரு கை வெளியே போய்ப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதற்கான வரியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, 'கிடைத்தது' என்ற பதிலுக்காக நிற்கும். அடுத்த கையும் அப்படியே. எல்லாக் கைகளும் இப்படி நின்றுவிட்டால், புதிதாகக் கேட்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. பாரமும் இல்லை, பழுதும் இல்லை, உப்பும் இல்லை. நான் போட்ட சட்டம்தான். கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அக்கா, இப்ப எல்லாக் கிளையும் சேர்ந்திட்டுது. இஞ்சத்தை மெஷினுக்கு வேலை கூட. பதில் குடுக்கக் கொஞ்சம் பிந்தும்தான்." பிறகு கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. "பொறுங்கோ, நீங்க பதிலுக்கு நிக்கிற மாதிரியோ வைச்சிருக்கிறீங்கள்? ஒவ்வொரு வரிக்குமோ? ஐயோ அக்கா, அப்பிடி ஒருத்தரும் வைக்கிறேல்ல!"

"எங்கட வீட்டில வைக்கிறனாங்கள் தம்பி."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேயுள்ள டிஸ்க்கில் முதலில் எழுதி வைத்துவிட்டு, அதை ஆறுதலாகக் கொழும்புக்குக் கொண்டுபோவதற்கு வேறொரு சின்னப் புரோகிராமை வேலையாளாக வைக்கலாம், புரொக்ஸி நிற்கத் தேவையில்லை என்றேன். தாராளமாகச் செய்யுங்கோ என்றான்.

"ஆனா அக்கா, இடையில கரண்ட் போனா, டிஸ்க்குக்கு ஏதும் நடந்தா, கொஞ்ச வரி துலையலாம். அது பரவாயில்லைத்தானே?"

பரவாயில்லையா? கேட்பதற்கு எவ்வளவு லேசான கேள்வி. நான் இவ்வளவு காலமும் குடும்பம் நடத்தியதே அது பரவாயில்லை என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன் என்கிற பிடிவாதத்தில்தான். கண்ணாடிக்கு அங்கால் மகள் தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டு இரண்டாம் பகுதிக்குப் போய் உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"துலைஞ்சாத் துலையட்டும் தம்பி," என்றேன். புரொக்ஸிக்கு நான் போட்டிருந்த சட்டத்தை மாற்றி எழுதினேன். புரொக்ஸியை நிறுத்தாமலே புது ஏற்பாட்டைப் படிக்க வைத்தேன்.

அவ்வளவுதான். இரண்டாம் பகுதி தொடங்கியபோது திரைகளில் சக்கரத்தைக் காணவில்லை. தொட்ட கேள்வி தொட்ட உடனே வந்தது, படம் முழுப் படமாக வந்து விழுந்தது. மகள் ஒரு தடவை நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள், பிறகு குனிந்தாள். முடியும்வரை கொண்டையை அவள் தொடவில்லை. இவர் என் பின்னால் நின்று, "இப்ப நான் போகலாமோ?" என்று மெதுவாகக் கேட்டார். "போங்கோ, போய்ச் சேர்ந்ததும்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்னேரம் நானும் மகளும் கடற்கரைப் பக்கமாக நடந்து வந்தோம். நடந்ததை அவளுக்குச் சொன்னேன். அப்பா வந்து நின்றதையும் சொன்னேன். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப நீங்கதான் செய்திருக்கிறீங்கள்!"

"ஓம். ஆனா வேணுமெண்டு இல்லை."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், தோள் நனைந்தது. "நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதம்மா," என்றாள். "கேட்டாக் கேட்டதுதான், வா, கடலை வாங்குவம்," என்றேன். சுண்டல்காரர் உறைப்பைக் கூடப் போட்டுவிட்டார். இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

முதல் பகுதியில் விட்டதை அவள் இரண்டாம் பகுதியில் பிடித்துவிட்டாள். வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று மூவருமாக பஸ் நிலையத்துக்குப் போனோம். இவர் பையை உள்ளே ஏற்றிவிட்டு யன்னலடியில் வந்து நின்றார். நான் பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"போய்ச் சேர்ந்தா ஒரு மிஸ்கோல் அடி. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். நான் திருப்பி அடிக்க மாட்டன். நீ எனக்காக நிக்காத பிள்ளை, உன்ட வேலையப் பார்."

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவர் என் நெற்றியில் கையை வைத்து, "காய்ச்சல் ஒண்டும் இல்லை," என்றார். பஸ் நிலாவெளிப் பக்கம் திரும்பும்வரை நின்றுவிட்டு வந்தோம்.

குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது போன் ஒரு தடவை அடித்து நின்றது. கை தானாகப் போனது. இழுத்துக்கொண்டேன். இவர் வாசலில் நின்று என்னையே பார்த்தார். "என்ன பாக்கிறீங்கள்? நான் சொன்னாச் சொன்னதுதான்," என்றேன். சம்பல் இடித்தேன், சோறு வடித்தேன், அவருக்குப் போட்டுக் கொடுத்தேன், நானும் சாப்பிட்டேன். சாப்பிட்டது தொண்டைக்குள் இறங்கியது. எனக்கே நம்ப முடியவில்லை. மெஷினைத் திருத்தின மாதிரி என்னையும் திருத்திவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை, ஒரு கெப்பர்.

வெயில் சாய்ந்த பிறகு போன் மறுபடி அடித்தது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"அம்மா." மகள்தான். "ஏன் திருப்பி அடிக்கேல்ல?"

"நான் சொல்லித்தானே விட்டனான் பிள்ளை."

"தெரியும். நீங்க சொன்னது தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "நான் வந்ததில இருந்து கதிரையில அப்பிடியே இருக்கிறன். வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணி தந்தவ, அதுவும் ஆறிப்போச்சு. பையை இன்னும் திறக்கேல்ல. ஏலாம இருக்கம்மா."

இவர் பக்கத்தில் வந்து நின்றார். கொழும்புக்கு அனுப்புகிறதை ஒரு இடைவேளைக்குள் மாற்றி எழுதிவிட்டேன். இவளுக்குள் நான் எழுதி வைத்ததை எங்கே போய் மாற்றுவது? மாற்றத்தான் வேண்டுமா?

"கிடைச்சது பிள்ளை," என்றேன். "நீ வந்து சேர்ந்தது அம்மாவுக்குக் கிடைச்சது."

அங்கே பையின் சிப்பை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டது.